ஏழு கேமரா, ஒரே ராத்திரி: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஆளைச் சுற்றி வந்தவை: அமெரிக்க ஒளிப்பதிவாளர் மைக்கேல் சாப்மன் (1935–2020). ‘டாக்ஸி டிரைவர்’, ‘ரேஜிங் புல்’ பார்த்தவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். ராக் கச்சேரிப் படமான ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ அவர் கைவேலை என்பதும், கார்ட்டூன் முயலோடு மைக்கேல் ஜோர்டான் கூடைப்பந்து ஆடும் ‘ஸ்பேஸ் ஜாம்’ அவருடையதே என்பதும் பலருக்குப் புதிதாக இருந்திருக்கிறது. எனவே இந்த மாதம் பகுதி முழுவதும் அவருக்கே.

கச்சேரி மேடையில் விளக்கும் இருக்கிறது, பாடகரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார். கேமராவை வைத்து ஓடவிட வேண்டியதுதானே? ஒளிப்பதிவாளருக்கு அங்கே என்ன பெரிய வேலை?
– வாசகர், தஞ்சாவூர்

கேமராவை வைத்து ஓடவிட்டால் கிடைப்பது பதிவு. கல்யாண வீடியோவும் பதிவுதான்.

1976 நவம்பர் 25, அமெரிக்காவின் நன்றி நவிலும் நாள். ‘தி பேண்ட்’ என்ற குழு, சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் தன் கடைசிக் கச்சேரியை நடத்தியது. ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ அந்தக் கச்சேரியின் படம்தான். சுமார் 5,000 பேருக்கு முதலில் வான்கோழி விருந்து, பிறகு இசை. இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி அப்போது ‘நியூ யார்க், நியூ யார்க்’ வேலையில் இருந்தார். அந்தப் படத்தின் கலை இயக்குநர் போரிஸ் லெவனையே கூட்டிவந்தார். லெவன், ‘லா டிராவியாட்டா’ என்ற ஓபெராவின் அரங்கப் பொருட்களைச் சான் ஃபிரான்சிஸ்கோ ஓபெராவிடமிருந்து கடன் வாங்கி, பழைய ஸ்கேட்டிங் தளமாக இருந்த அந்த இடத்தைச் சரவிளக்குகள் தொங்கும் நாடக மேடையாக்கினார். ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த வரியில் எந்தக் கேமரா யாரைப் பார்க்க வேண்டும், விளக்கு எப்போது மாற வேண்டும் என்று முன்கூட்டியே தாளில் எழுதப்பட்டது. இவ்வளவும் நடந்த பிறகுதான் கேமரா வருகிறது.

அடுத்தது வெளிச்சம். அன்று கிடைத்த கலர் நெகடிவின் வேகம், அதாவது ஒளியுணர்வு, 100 ஏ.எஸ்.ஏ. நொடிக்கு 24 ஃபிரேமில், லென்ஸை 2.8-க்குத் திறந்துவைத்தால் (இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது), முகத்தில் சுமார் 100 ஃபுட்கேண்டில் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழ வேண்டும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் சாதாரண மேடை வெளிச்சம் அதற்குப் போதாது. கூட்டிப் போட்டால் சூழல் செத்துவிடும். முகத்துக்குப் போதுமான அளவு கொடுத்து, பின்னாலிருந்து விளிம்பு ஒளி அடித்து, மற்றதை இருட்டில் விடுவது என்ற தீர்மானம் ஒளிப்பதிவாளருடையது. இன்றைய கேமராக்கள் 800-ல் ஓடுகின்றன, அதே 2.8-க்கு 12 அல்லது 13 ஃபுட்கேண்டில் போதும். அதனால் இன்றைய சிக்கல் தலைகீழ்: பின்சுவர், ஒலிபெருக்கி, கேபிள் எல்லாம் தெரிந்துவிடுகின்றன. விளக்கைக் குறைப்பதுதான் வேலை.

35 மி.மீ. ஃபிலிம் ஒரு மேகசினில் பத்து நிமிஷம்தானே ஓடும்? நள்ளிரவு தாண்டிய கச்சேரியை எப்படி எடுத்தார்கள்? நடுவில் ஃபிலிம் தீர்ந்துபோகாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

தீர்ந்துபோனது. அதைத்தான் திட்டமிட வேண்டும்.

கணக்கு இது. (மேகசின் என்றால் இங்கே நீங்கள் கையில் வைத்திருக்கும் பத்திரிகை அல்ல, கேமரா தலையில் ஏறும் ஃபிலிம் டப்பா.) 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒன்றரை அடி, நிமிஷத்துக்கு 90 அடி. 1,000 அடி மேகசின் 11 நிமிஷம் தாங்கும். தோளில் வைக்கும் 400 அடி மேகசின் நாலரை நிமிஷம்கூடத் தாங்காது. அன்று வைத்திருந்த ஏழு கேமராவும் நிற்காமல் ஓடினால் மணிக்கு 37,800 அடி, அதாவது 38 மேகசின். அத்தனையையும் இருட்டுப் பையில் கைவிட்டுத் தடவித் தடவி ஏற்றி, லேபிள் ஒட்டி, எடுத்து முடித்ததை ஒளி படாமல் இறக்கி டப்பாவில் அடைக்க ஆள் வேண்டும். லேபிள் மாறினால் எடுத்த ஃபிலிம் மேலேயே மறுபடி எடுத்துவிடுவார்கள். அதே 24 ஃபிரேமில் 16 மி.மீ. ஃபிலிம் 400 அடியே 11 நிமிஷம் வரும் என்பதால்தான், ‘வுட்ஸ்டாக்’ போன்ற முந்தைய கச்சேரிப் படங்களை அந்தச் சின்ன ஃபிலிமில் எடுத்தார்கள். 35-க்குப் போனது துணிச்சல்.

இதற்கு வழி, கேமராக்களை ஒரே நேரத்தில் தொடங்காமல் இருப்பது. 11 நிமிஷத்தை ஏழால் வகுத்தால் சுமார் ஒன்றரை நிமிஷம். ஒவ்வொன்றையும் அவ்வளவு இடைவெளியில் கிளப்பினால், எந்த நொடியிலும் ஒன்று மட்டுமே மேகசின் மாற்றிக்கொண்டிருக்கும். ஆனால் கச்சேரி கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை. ஒரு பாட்டு நீளும், இன்னொன்று திடீரென்று தொடங்கும். எல்லாரும் ஓய்வு என்று நினைத்த வேளையில் ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் வந்து ‘மேனிஷ் பாய்’ பாடத் தொடங்கியபோது ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேமரா. அது லாஸ்லோ கோவாக்ஸ் கையில் இருந்தது. காதில் ஓயாமல் விழும் உத்தரவுகள் பொறுக்காமல் அவர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்திருந்தார், அதனால் நிறுத்தச் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை என்று சொல்வார்கள். படத்தில் அந்தப் பாட்டு ஏறக்குறைய முழுவதும் ஒரே கோணத்தில் போவதன் காரணம் அதுதான். படத்தின் மிகச் சிறந்த பகுதிகளில் அதுவும் ஒன்று என்பது வேறு விஷயம்.

அந்த ஏழு பேரின் பட்டியலையும் கவனிக்க வேண்டும். கோவாக்ஸ் ‘ஈஸி ரைடர்’ எடுத்தவர். அவரோடு 1956-ல் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்த வில்மோஸ் ஜிக்மண்டும் இருந்தார். டேவிட் மையர்ஸ், பாபி பைர்ன், ஹிரோ நரீட்டா, மைக்கேல் வாட்கின்ஸ், பிறகு சாப்மன். படங்களுக்குத் தலைமை தாங்கும் ஒளிப்பதிவாளர்கள் அன்று ஒரு ராத்திரிக்கு வெறும் ஆப்பரேட்டர்களாகக் கேமராவின் பின்னால் நின்றார்கள். அது விளம்பரத்துக்காக அல்ல. ஹெட்செட்டில் உத்தரவு வந்து சேர்வதற்குள் கிதார் வாசிப்பவர் திரும்பிவிடுவார். அடுத்த நொடியில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை லென்ஸ் பக்கத்தில் இருப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

அதே படத்தில் ‘தி வெயிட்’ பாட்டு மட்டும் வேறு மாதிரி இருக்கிறதே? கூட்டத்தின் சத்தமும் இல்லை.
– வாசகர், யாழ்ப்பாணம்

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். ‘தி வெயிட்’, ‘எவாஞ்சலின்’ இரண்டும் பிறகு எம்.ஜி.எம். ஸ்டூடியோ தளத்தில் எடுக்கப்பட்டவை. அங்கே பார்வையாளர் இல்லாததால் கேமரா பாடகர்களுக்கு இடையில் புகுந்து வர முடிந்தது. விண்டர்லேண்டில் அப்படிப் புகுந்தால் இன்னொரு கேமராவின் ஃபிரேமில் மாட்டும். இன்னொன்று: கச்சேரியில் பதிவான ஒலியில் பல இடங்களைப் பிறகு ஸ்டூடியோவில் திரும்ப வாசித்தும் பாடியும் சரிசெய்தார்கள். எந்தக் கச்சேரிப் படத்திலும் உதடு கொஞ்சம் பிசகினால் அந்த இடத்தில் குரல் மாறியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். எடிட்டர்கள் அந்த நேரத்தில் தூரத்து ஷாட்டுக்கோ டிரம்மரின் கைக்கோ தாவிவிடுவார்கள்.

‘தி லாஸ்ட் டீடெய்ல்’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் ஆன பிறகு ‘ஜாஸ்’ படத்தில் வெறும் ஆப்பரேட்டராக இருந்திருக்கிறாரே. இறங்குமுகமா?
– வாசகர், மதுரை

இல்லை. சரக்கு ரயிலில் பிரேக்மேனாக இருந்த சாப்மனை, ஒளிப்பதிவாளரான மாமனார் ஜோசப் பிரன் இந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்தார். அசிஸ்டென்டாக ஃபோகஸ் பிடித்து, பிறகு கார்டன் வில்லிஸிடம் ‘க்ளூட்’ (1971), ‘தி காட்ஃபாதர்’ (1972) படங்களில் ஆப்பரேட்டர். ‘தி லாஸ்ட் டீடெய்ல்’ 1973. அதன்பின் 1974-ல் பில் பட்லரிடம் ‘ஜாஸ்’. ஹாலிவுட் முறையில் ஒளியமைப்பவர் வேறு, கேமராவைக் கையில் பிடிப்பவர் வேறு. ஆப்பரேட்டர் என்பது தனித் தொழில், ஒளிப்பதிவாளராவதற்கு முன் ஏறிக் கடக்கும் படிக்கட்டு மட்டுமல்ல. நம் ஊரில் இரண்டையும் ஒருவரே பார்க்கும் வழக்கம் அதிகம் என்பதால் இது இறக்கமாகத் தெரிகிறது.

கடலில் படகு மேல் கேமராவை ஸ்டாண்டில் கட்டினாலும் பார்ப்பவருக்குத் தலை சுற்றுகிறது. ‘ஜாஸ்’ கடைசிப் பகுதி முழுக்கப் படகில்தான், ஆனால் சுற்றவில்லை. எப்படி?
– வாசகர், தூத்துக்குடி

கட்டியதுதான் தப்பு. ஸ்டாண்டைத் தளத்தோடு கட்டினால் கேமராவும் படகும் ஒன்றாக ஆடும். ஃபிரேமுக்குள் படகு அசையாமல் நிற்க, அடிவானம் மட்டும் ஏறி இறங்கும். குமட்டுவது அதனால்தான். சாப்மன் படகுக் காட்சிகளில் பெரும்பகுதியை, அப்போது புதிதாக வந்திருந்த இலகுவான பேனாஃபிளெக்ஸ் கேமராவைத் தோளில் வைத்தே எடுத்தார். மனித உடம்பு அடிவானத்தை மட்டமாக வைத்துக்கொள்ளும், படகு ஆடும். பார்ப்பவர் மூளை அதை ஏற்றுக்கொள்கிறது.

செய்முறை: படகின் நடுப்பகுதியில் நில்லுங்கள், முனையில் ஏற்ற இறக்கம் அதிகம். கால்களை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, இடுப்புக்குக் கீழே மட்டும் படகோடு போக விடுங்கள். பின்னால் ஒருவர் பெல்ட்டைப் பிடித்திருக்கட்டும். வியூஃபைண்டரில் நடிகரின் முகத்தைப் பார்க்காமல், அடிவானக் கோடு ஃபிரேமின் மேல்விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ் 25 முதல் 40 மி.மீ. வரை, 75-ஐத் தாண்டினால் நடுக்கம் காட்டிக்கொடுக்கும்.

கிம்பல் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் மோட்டார் கருவி) வைத்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மூன்று அச்சு கிம்பல் திரும்பல், சாய்வு, உருளல் மூன்றையும் தடுக்கும். அலை உங்களை ஓர் அடி தூக்கி இறக்குவதைத் தடுக்காது. அதற்கு முழங்கால்தான். லென்ஸ் முன் சாதாரணக் கண்ணாடி ஃபில்டர் போடுங்கள். உப்புத்தண்ணீர் தெறித்தால் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணி, பிறகு உலர்ந்தது.

‘ரேஜிங் புல்’ சண்டையில் ஒரே ஷாட்டுக்குள் வேகம் சாதாரணமாக இருந்து ஸ்லோமோஷனாகி மறுபடி திரும்புகிறது. வெளிச்சம் மட்டும் மாறவில்லை. ஃபிலிமில் எப்படிச் செய்தார்கள்?
– உதவி ஒளிப்பதிவாளர், வடபழனி, சென்னை

ஓடும்போதே மோட்டார் வேகத்தை மாற்றி, அதே கணத்தில் லென்ஸின் ஸ்டாப்பை, அதாவது ஒளி நுழையும் திறப்பை, கையால் திறந்து. 24-லிருந்து 48-க்குப் போனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம் பாதியாகும், ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாகும் அளவு) திறக்க வேண்டும். 96-க்கு இரண்டு ஸ்டாப். 120-க்கு இரண்டேகாலுக்குக் கொஞ்சம் மேல். 5.6-ல் தொடங்கினால் 48-ல் 4, 96-ல் 2.8, 120-ல் ஏறக்குறைய 2.5.

இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று: உங்கள் லென்ஸ் 2.8-க்கு மேல் திறக்காது என்றால், 4-ல் தொடங்கி 96-க்குப் போக முடியாது, முகம் இருண்டுவிடும். எந்த வேகம்வரை போவீர்கள் என்று முடிவுசெய்து, பின்னாலிருந்து கணக்கிட்டு, தொடக்க ஸ்டாப்புக்கு வேண்டிய வெளிச்சம் போடுங்கள். இரண்டு: ஸ்டாப் திறக்கத் திறக்க ஃபோகஸ் ஆழம் குறையும். வேகம் கூடும் நேரம் பார்த்து நடிகர் கேமராவை நோக்கி வந்தால் ஃபோகஸை மாற்றிக்கொண்டே வரும் உதவியாளரான ஃபோகஸ் புல்லருக்குச் சோதனை.

இப்போது டிஜிட்டலில் முழுவதையும் 120-ல் எடுத்துவிட்டு, சாதாரண வேகம் வேண்டிய இடத்தில் ஐந்துக்கு ஒரு ஃபிரேம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் 180 டிகிரி ஷட்டரில் (ஃபிரேம் நேரத்தில் பாதி மட்டும் திறந்திருப்பது) ஒவ்வொரு ஃபிரேமும் நொடியில் 240-ல் ஒரு பங்குதான் பார்த்திருக்கும். அசைவில் மங்கல் போதாமல் கை வெட்டி வெட்டி நகரும். ஷட்டரை 360-க்குத் திறந்து எடுங்கள், அல்லது எடிட்டில் மங்கல் சேருங்கள்.

அந்தச் சண்டைகளில் வேறு தந்திரங்களும் உண்டு. குத்துச்சண்டை மேடையின் அளவையே தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்தார்கள். கானல் அலைபோல் படம் நெளிவதற்கு லென்ஸுக்குக் கீழே தீ எரியவிட்டார்கள். ஐந்து வாரம் என்று போட்ட சண்டைப் பகுதி பத்து வாரம் பிடித்தது, பெரும்பாலும் ஒற்றைக் கேமரா. கச்சேரிக்கு ஏழு கேமரா, ஒரு ராத்திரி. இதற்கு ஒரு கேமரா, பத்து வாரம். ஒரே ஆள் இரண்டையும் மூன்று நான்கு ஆண்டு இடைவெளியில் செய்ததுதான் அவர் தொழில்வாழ்க்கையில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம்.

‘தி ஃபியூஜிடிவ்’ ரயில் மோதல் கிராஃபிக்ஸா?
– வாசகர், திருச்சி

நிஜ ரயில், நிஜ பஸ், வட கரோலினாவின் டில்ஸ்பரோ ஊர்ப் பக்கம், ஒரே டேக். படம் 1993-ல் வந்தது. தப்பி ஓடும் நாயகனை மட்டும் பின்னர் அதோடு சேர்த்தார்கள். திரும்ப எடுக்க முடியாத ஒன்றுக்கு முன் பல கேமராக்களைப் பரப்பி நிற்பது கச்சேரிக் கணக்குதான். அன்று பாடியது ரயில் எஞ்சின். இந்தப் படத்துக்கும் ‘ரேஜிங் புல்’லுக்கும் சாப்மன் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார், இரண்டும் கிடைக்கவில்லை.

கோயில் திருவிழாக் கச்சேரிகளை மூன்று கேமரா வைத்து எடுக்கிறோம். ஒரு கேமராவில் ஒளி துடிக்கிறது. எடிட்டில் உதடும் பாட்டும் சேர மாட்டேன் என்கிறது. தூரத்துக் கேமரா அடிக்கடி அவுட் ஆஃப் ஃபோகஸ். என்ன செய்யலாம்?
– மூவர், கும்பகோணம்

ஒவ்வொன்றாக.

துடிப்பு: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டும் மட்டமான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். நீங்கள் 24 ஃபிரேமில் எடுத்தால் 100-ஐ 24 வகுக்காது. ஒவ்வொரு ஃபிரேமும் துடிப்பின் வேறு பகுதியைப் பிடிக்கும். ஷட்டரை 172.8 டிகிரிக்கு வையுங்கள், அதாவது 1/50 நொடி. ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு துடிப்பை வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நொடிக்கு 120 துடிப்பு; அதை 24 மிச்சமின்றி வகுக்கும். அதனால் அங்கே எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்த 172.8 பேச்சு அதிகம் வராது. யூடியூபுக்கு மட்டும் என்றால் 25 ஃபிரேம், 1/50 என்று போய்விடுங்கள். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதன் துடிப்பு வேறு. மாலை ஐந்து மணிக்கே திரையை ஓடவிட்டு, கோடு மறையும் வரை ஷட்டரை நகர்த்திப் பாருங்கள்.

உதடு: மூன்று கேமராவின் மைக்கிலும் பதிவான ஒலியை மிக்ஸரின் ஒலியோடு பொருத்தி ஒத்திசைக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு ஃபிரேம் நேரத்தில் 14 மீட்டர். மேடையிலிருந்து 28 மீட்டரில் நிற்கும் கேமராவின் மைக், பாட்டை இரண்டு ஃபிரேம் தாமதமாகக் கேட்கிறது. அலைவடிவத்தைப் பொருத்தினால் படம் இரண்டு ஃபிரேம் முன்னால் போய்விடும். தூரத்தை மீட்டரில் அளந்து, 14-ஆல் வகுத்து, அத்தனை ஃபிரேம் அந்தக் கேமராவின் படத்தைப் பின்னே தள்ளுங்கள். இல்லையென்றால் மேடையில் ஒரு கிளாப்பை மூன்று கேமராவும் பார்க்கும்படி தட்டி, கண்ணால் பொருத்துங்கள். கச்சேரி தொடங்கிவிட்டதால் முதலில் தட்ட முடியவில்லையா, முடிந்ததும் கேமராவை நிறுத்தாமல் கிளாப்பைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். தலைகீழ் என்றால் ‘இது கடைசியில் அடித்தது’ என்று எடிட்டருக்குத் தெரியும். நடுவில் கார்டு மாற்றினால் அந்தத் துண்டுக்குத் தனியாகப் பொருத்தம் பார்க்க வேண்டும்.

ஃபோகஸ்: 20 மீட்டர் தூரத்தில் 200 மி.மீ. லென்ஸ், 2.8 ஸ்டாப் என்றால் கூர்மையான பகுதி முன்னும் பின்னுமாகச் சேர்த்து 1.4 மீட்டர்தான். பாடகர் ஒரு எட்டு முன்னே வந்தால் போச்சு. 4 அல்லது 5.6-க்கு மூடி, ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர்வு) ஏற்றுங்கள், கொஞ்சம் புள்ளி விழுவதை எடிட்டில் சமாளிக்கலாம், ஃபோகஸ் போனதைச் சமாளிக்க முடியாது. அந்த ஸ்டாண்டைப் பார்வையாளர் உட்காரும் பலகை மேல் வைக்காதீர்கள். யாரோ எழுந்தால் 200 மி.மீ.-ல் நிலநடுக்கம். தரையில், மண்மூட்டை தொங்கவிட்டு.

மூன்று கேமராவுக்கு எங்கள் பங்கீடு: ஒன்று முழு மேடையும் தெரியும்படி நிலையாக, நிறுத்தவே கூடாது. இன்னொன்று பாடுபவர் முகம். மூன்றாவது கையில், வயலின், மிருதங்கம், தம்பூரா என்று திரிய. முகக் கேமரா கார்டு மாற்றும்போது கையிலிருப்பவர் முகத்துக்கு வந்துவிட வேண்டும். இதைப் பேசிவைக்காமல் போனால், ராகம் உச்சிக்குப் போகும் நேரம் பார்த்து இரண்டு பேரும் மிருதங்கத்தையே காட்டிக்கொண்டிருப்பார்கள். பாட்டுப் பட்டியலைப் பக்கவாத்தியக்காரரிடம் முன்கூட்டியே வாங்கி, தனி ஆவர்த்தனம் எந்தப் பாட்டில் என்று குறித்துக்கொள்ளுங்கள். கார்டும் பேட்டரியும் அதற்கு முந்தின பாட்டின் கைதட்டலில் மாற்ற வேண்டும்.